ஜி. சுப்பிரமணிய ஐயர் வாழ்வில் பத்திரிகைச் சுதந்திரமும் மொழியும்

ஆய்வுச்சுருக்கம்

காலனிய இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரத்தின் அளவை, எழுதப்பட்ட கருத்தோடு எழுதப்பட்ட மொழியும் தீர்மானித்தது. ஆங்கிலத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்ட கண்டனம் தாய்மொழியில் குற்றமாகக் கருதப்பட்டது. இவ்வேறுபாட்டின் இரு புறங்களிலும் நின்று இதழ் நடத்தியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர் (1855–1916). 'இந்து' ஆங்கில இதழிலிருந்து 'சுதேசமித்திரன்' தமிழ் இதழுக்கு அவர் பெயர்ந்த வரலாற்றை, அக்காலப் பத்திரிகைச் சட்டங்களோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜி. சுப்பிரமணிய ஐயர், சுதேசமித்திரன், பத்திரிகைச் சுதந்திரம், தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், இராஜதுரோகம்

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதுவோர் சுப்பிரமணிய ஐயரை இரு இதழ்களின் நிறுவனராக அறிமுகப்படுத்துவது வழக்கம். அவ்விரு இதழ்களையும் ஒரே முயற்சியின் இரு கிளைகளாகக் காணும் போக்கும் உண்டு. எனினும் இதழாசிரியர் என்ற நிலையில் இரண்டிலும் அவர் பெற்ற அனுபவம் ஒன்றன்று. இருபது ஆண்டுகள் ஆங்கிலத்தில் ஆட்சியைக் கண்டித்து எழுதியபோது இராஜதுரோக வழக்கு எதுவும் அவர்மேல் தொடரப்படவில்லை. முழுநேரத் தமிழ் இதழாசிரியராகிய பத்து ஆண்டுகளில் அவர் கைது செய்யப்பட்டார். இவ்வேறுபாட்டின் காரணங்களை அவருடைய வாழ்க்கைப் போக்கிலேயே தேடவேண்டியுள்ளது.

இளமையும் 1878ஆம் ஆண்டும்

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் 1855 சனவரி 19 அன்று சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். தந்தை கணபதி தீட்சிதர் வழக்கறிஞர். தஞ்சாவூர்த் தூய பேதுரு கல்லூரியில் பயின்ற பின், ஆசிரியப் பயிற்சிக்காகச் சென்னை வந்த இளைஞர் அங்கேயே ஆசிரியப் பணியில் அமர்ந்தார். வகுப்பறையில் தொடங்கிய அவ்வாழ்க்கை அவருடைய எழுத்து முறையையும் உருவாக்கியது. ஒரு செய்தியை அதன் காரணத்தோடும் விளைவோடும் விளக்கிக் கூறும் ஆசிரியரின் பழக்கம், அவர் இதழாசிரியரான பின்னரும் மாறவில்லை.

1878ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் அவர் வாழ்வின் திசையை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை. முதலாவது, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் லிட்டன் பிரபுவின் அரசு நிறைவேற்றிய தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம். இந்திய மொழி இதழ்களின் அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் உறுதிமுறியும் பிணைத்தொகையும் கேட்கும் அதிகாரத்தை அச்சட்டம் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அளித்தது. அரசு விரும்பாத எழுத்து வெளிவந்தால் பிணைத்தொகையையும் அச்சகத்தையும் பறிமுதல் செய்யலாம். அம்முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய இயலாது. ஆங்கில இதழ்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அதனாலேயே, அதுவரை வங்கமும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' சட்டம் வந்தவுடன் முழு ஆங்கில இதழாக மாறியது.

இரண்டாவது நிகழ்ச்சி சென்னையில் நேர்ந்தது. தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்த்தப்பட்டபோது ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அந்த நியமனத்தை எதிர்த்து எழுதின. அவற்றுக்கு மறுமொழி கூற இந்தியர் கையில் வலுவான இதழ் இல்லை. இக்குறையைப் போக்கத் திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர் முன்வந்தனர். சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், ஏனைய நால்வர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் பெற்று, 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20 அன்று 'இந்து' வார இதழை அவர்கள் வெளியிட்டனர். அப்போது சுப்பிரமணிய ஐயருக்கு வயது 23.

அறுவரும் ஆங்கிலத்தைத் தேர்ந்தது சட்டத்துக்கு அஞ்சியதனால் என்று கூறுவதற்கில்லை. ஆங்கிலேயர் இதழ்களுக்கு விடையளிக்கவும், ஆட்சியாளரின் செவிக்கு எட்டவும் அம்மொழியே ஏற்றதாக இருந்தது. எனினும் தாய்மொழி இதழ்கள் பிணையின் நிழலில் நடந்த ஆண்டில், அப்பிணைக்கு உட்படாத மொழியில் அவர்தம் எழுத்து பிறந்தது என்பது கருதத்தக்கது.

ஆங்கில இதழாசிரியர்

சட்ட மாணவர் நால்வரும் விரைவில் தத்தம் தொழிலை நாடிச் சென்றனர். ஆசிரியப் பொறுப்பைச் சுப்பிரமணிய ஐயரும் நிருவாகத்தை வீரராகவாச்சாரியாரும் ஏற்றனர். 1883இல் வாரம் மும்முறை வெளிவரத் தொடங்கிய 'இந்து' 1889 ஏப்பிரலில் நாளேடாயிற்று. மாகாண நிருவாகத்தின் குறைகளை அவ்விதழ் தயக்கமின்றி எடுத்துரைத்தது. செங்கற்பட்டு உழவர் வழக்கிலும், 1882ஆம் ஆண்டின் சேலம் கலவரத்தைத் தொடர்ந்த வழக்குகளிலும் அதிகாரிகள் நடந்துகொண்ட முறையை அது கடுமையாகத் தாக்கியது.

இதழின் வழியாக உருவான கருத்துக்கு அமைப்பு வடிவமும் தேவை என அவர் கருதினார். 1884இல் தோன்றிய சென்னை மகாஜன சபையின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். 1885 திசம்பரில் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசின் முதல் மாநாட்டில், இந்திய ஆட்சிமுறையை ஆராய ஆணைக்குழு அமைக்கவேண்டும் என்ற முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. 1897இல் இலண்டன் சென்று, இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஆட்சியாளரை நோக்கி அவர்தம் மொழியில் வாதிட்டு நீதி பெறலாம் என்ற நம்பிக்கை இச்செயல்கள் அனைத்திலும் உள்ளோடுகிறது.

சட்டம் தராத நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. சுப்பிரமணிய ஐயர் சமூகச் சீர்திருத்தத்தில் சமரசம் அறியாதவர். இளம்வயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். அதனால் உறவினரும் சாதியினரும் அவரை விலக்கினர். அரசியலில் அவரைப் பாராட்டிய வாசகர் பலர், கைம்பெண் மறுமணத்தையும் குழந்தைமண ஒழிப்பையும் அவர் எழுதியபோது முகம் சுளித்தனர். இதழ் நட்டத்துக்கு உள்ளாயிற்று. பங்காளிகள் இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு வளர்ந்தது. 1898இல் 'இந்து'வில் தமக்கிருந்த உரிமையை வீரராகவாச்சாரியாரிடம் விட்டு அவர் வெளியேறினார். ஆட்சியை எதிர்த்தெழுதும் உரிமையை அளித்த வாசகர், தம் வழக்கங்களை எதிர்த்தெழுதும் உரிமையை எளிதில் அளிப்பதில்லை என்பதை அவர் நேரில் உணர்ந்தார். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அரசு மட்டுமே தடை என்னும் பொதுக்கருத்து இவ்விடத்தில் திருத்தம் பெறுகிறது.

சுதேசமித்திரனும் புதிய வாசகரும்

'சுதேசமித்திரன்' 1882இல் வார இதழாகத் தோன்றியது. லிட்டனின் சட்டத்தை ரிப்பன் பிரபுவின் அரசு நீக்கிய ஆண்டும் அதுவே. தொடக்கத்தில் 'இந்து'வின் நிழலில் நடந்த அத்தமிழ் இதழ், 1898க்குப் பின் சுப்பிரமணிய ஐயரின் முழு உழைப்பையும் பெற்றது. 1899இல் நாளேடாக மாறித் தமிழில் நிலைபெற்ற முதல் நாளேடு என்னும் இடத்தை அடைந்தது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த அவர் புதிய உரைநடையை உருவாக்க நேர்ந்தது. வரவு செலவுத் திட்டம், நிலவரி, நாணய மாற்று, போர்ச் செய்தி ஆகியவற்றை நாள்தோறும் தமிழில் எழுதும் மரபு அதுவரை நிலைபெற்றிருக்கவில்லை. இந்தியப் பொருளாதாரம் குறித்து 1903இல் ஆங்கில நூல் வெளியிட்ட அவர், அதே பொருளை ஆங்கிலம் அறியாத வணிகருக்கும் மிராசுதாரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் விளங்குமாறு தமிழில் கூறவேண்டியிருந்தது. அவர் நடையில் வடசொல் மிகுதியும் ஆங்கிலத் தொடரின் சாயலும் உண்டு. எனினும் அரசியலைத் தமிழில் நாள்தோறும் சிந்திக்கும் பழக்கத்தை அந்நடை தோற்றுவித்தது. 1904 நவம்பரில் சுப்பிரமணிய பாரதியை மதுரையிலிருந்து அழைத்து வந்து துணையாசிரியராக அமர்த்தியவரும் அவரே. ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்கும் பணி பாரதியின் உரைநடைக்குப் பயிற்சிக்களமாயிற்று.

ஆட்சியின் பார்வையில் இம்மாற்றம் சிறியதன்று. 'இந்து'வைப் படித்தவர் ஆங்கிலம் கற்ற சிறுபான்மையினர். தமிழ் நாளேட்டையோ ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத பலரும் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம். மதராஸ் அரசு தாய்மொழி இதழ்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து இரகசிய அறிக்கைகளாகத் தொகுத்து வந்தது. தமிழாசிரியரின் சொல்லுக்கு அரசு கொள்ளும் பொருள், பெயர்ப்பாளர் தரும் ஆங்கிலச் சொல்லைச் சார்ந்திருந்தது.

சட்டமும் உருமாறியது. 1897இல் திலகர் மேல் நடந்த வழக்குக்குப் பின், 1898இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு விரிவாக்கப்பட்டது. ஆட்சியின்மேல் வெறுப்பையோ அவமதிப்பையோ எழுப்புவதும் குற்றமாயிற்று. அதே ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், இராஜதுரோகக் கருத்தைப் பரப்புவோரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கவும் வழிசெய்தது. இவை ஆங்கில இதழ்களையும் உள்ளடக்கிய பொதுச்சட்டங்களே. ஆயினும் 1878இல் மொழியைப் பெயர் குறித்துச் சொன்ன வேறுபாடு, சட்டத்தின் சொற்களிலிருந்து மறைந்த பின்னும் அதன் நடைமுறையில் வாழ்ந்தது. சட்டம் இறுகிய ஆண்டிலேயே சுப்பிரமணிய ஐயர் முழுமையாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தார்.

1908

வங்கப் பிரிவினைக்குப் பின் அவர் எழுத்து மேலும் கூர்மையுற்றது. விண்ணப்பத்தின் வழியே நீதி கிட்டும் என்ற பழைய நம்பிக்கை தளர்ந்து, சுதேசியமே வழி என்ற முடிவு வலுப்பெற்றது. 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டதும் திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. சூன் மாதத்தில், குற்றத்தைத் தூண்டும் இதழ்களின் அச்சகங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த சட்டம் நிறைவேறியது. சூலையில் வ.உ.சி.க்கும் திலகருக்கும் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆகஸ்டு மாதத்தில் சென்னை இதழ்களின் முறை வந்தது. 'இந்தியா' இதழின் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். அவ்விதழின் உண்மையான ஆசிரியராகிய பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். நோயுற்றுக் குற்றாலத்தில் தங்கியிருந்த சுப்பிரமணிய ஐயர், 'சுதேசமித்திரன்' கட்டுரைகளுக்காக இராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 53. உடலெங்கும் பரவிய தோல்நோயால் நலிந்திருந்தார். உறுதிமொழி அளித்ததன்பேரில் அவர் விடுவிக்கப்பட்டார்.

அவ்வுறுதிமொழியைப் பணிவு என்றும், நோயின் கட்டாயம் என்றும் இருவகையாக மதிப்பிட இடமுண்டு. சிறை சென்ற வ.உ.சி.யோடும் புலம்பெயர்ந்த பாரதியோடும் அவரை ஒப்பிடும் மதிப்பீடு பெரும்பாலும் அவருக்குக் குறைவாகவே முடியும். ஆனால் இதழாசிரியரின் நிலையைத் தனியே நோக்கவேண்டும். ஒரு நாளேட்டின் ஆசிரியர் சிறைப்பட்டால் அச்சகமும், அங்குப் பணிபுரிவோர் பிழைப்பும், நாள்தோறும் காத்திருக்கும் வாசகரும் அவரோடு சிறைப்படுவர். புதுச்சேரிக்குப் பெயர்ந்த 'இந்தியா' பிரித்தானிய இந்தியாவுக்குள் நுழையத் தடைவிதிக்கப்பட்டு 1910இல் நின்றது. 'சுதேசமித்திரன்' தணிந்த குரலில் தொடர்ந்தது. உரத்துப் பேசி மறைவதா, குரல் தணித்து நிலைப்பதா என்னும் இவ்விரு வழிகளையே சட்டம் தமிழ் இதழ்களுக்கு விட்டுவைத்திருந்தது. அச்சட்டத்தின் வெற்றி அது சிறையிலிட்டோரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கத்தக்கதன்று; எழுதுவோர் எழுதாமல் விட்டவற்றாலும் அளக்கத்தக்கது.

இறுதி ஆண்டுகள்

1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் பிணைத்தொகை முறையை எல்லா மொழி இதழ்களுக்கும் விரிவாக்கியது. 1878இல் தாய்மொழிக்கு நேர்ந்தது 32 ஆண்டுகளில் ஆங்கிலத்தையும் அடைந்தது. ஒரு மொழியின் வாசகர்க்கு மறுக்கப்படும் உரிமை பிறமொழி வாசகரிடம் நெடுங்காலம் பாதுகாப்பாக இருப்பதில்லை என்பதற்கு இச்சட்ட வரலாறே சான்று.

நோய் முற்றிய சுப்பிரமணிய ஐயர் 1915இல் 'சுதேசமித்திர'னை அ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு சென்னை வந்த காந்தியடிகள் அவரைச் சந்தித்து, அவருடைய புண்களைத் தம் மேலாடையால் துடைத்த நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் பலர் குறித்துள்ளனர். 1916 ஏப்பிரல் 18 அன்று அவர் மறைந்தார்.

முடிவுரை

சுப்பிரமணிய ஐயரின் வாழ்வு பத்திரிகைச் சுதந்திரத்தின் மூன்று எல்லைகளைத் தெளிவாக்குகிறது. அரசு வகுத்த சட்டம் ஒன்று. வாசகரின் சமூக விருப்பு மற்றொன்று. எழுதும் மொழி மூன்றாவது. முன்னிரண்டும் எல்லா நாட்டு இதழாசிரியர்க்கும் பொதுவானவை. மூன்றாவது காலனிய ஆட்சிக்கே சிறப்பாக உரியது. ஆள்வோரின் மொழியில் உரைக்கப்பட்ட உண்மை விவாதமாயிற்று. ஆளப்படுவோரின் மொழியில் உரைக்கப்பட்டபோது அதுவே துரோகமாயிற்று. இதனை அறிந்திருந்தும், புகழும் ஒப்பீட்டளவிலான பாதுகாப்பும் தந்த மொழியை விட்டுத் தம் இறுதி ஆண்டுகளின் உழைப்பைத் தமிழுக்கு அவர் அளித்தார். தமிழ் அரசியல் உரைநடையின் தோற்றத்தை ஆராய்வோர் அதன் நடைக்கூறுகளோடு, அந்நடை எத்தகைய சட்டங்களின் கண்காணிப்பில் உருவாயிற்று என்பதையும் இணைத்து ஆராய்தல் வேண்டும்.