'தில்லானா மோகனாம்பாள்' கதை எழுதியவர் யார் தெரியுமா?

'தில்லானா மோகனாம்பாள்' படத்தை டி.வி.யில் போட்டால் இன்னிக்கும் வீட்டு வேலை அப்படியே நிற்கும். சிவாஜி, பத்மினி, ஜில் ஜில் ரமாமணியாக வந்த மனோரமா, வைத்தியாக வந்த நாகேஷ்... எல்லாரையும் தெரியும். கதை எழுதியவரை?

அவர்தான் கொத்தமங்கலம் சுப்பு. 1910-ல் பிறந்தவர். ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசனுக்கு வலது கை மாதிரி. பாட்டு, கதை, நடிப்பு, டைரக்ஷன் என்று எதையும் விட்டுவைக்கலை.

காமெடியில் அவர் புகுந்து விளையாடிய படம் 1947-ல் வந்த 'மிஸ் மாலினி'. கதை ஆர்.கே.நாராயண். பாட்டு எழுதி, டைரக்ட் செய்து, ஊரை ஏமாற்றும் சம்பத்தாகவும் சுப்புவே நடித்தார். சினிமாக்காரர்களையே கிண்டலடித்த படம். பாராட்டு வந்தது, வசூல்தான் வரலை. ஜெமினி கணேசன் தலைகாட்டிய முதல் படமும் இதுதான்.

அடுத்த வருஷமே 'சந்திரலேகா'வுக்குப் பாட்டு எழுதினார். 1953-ல் கே.பி.சுந்தராம்பாளை வைத்து 'அவ்வையார்' எடுத்தார். காந்தி கதையை வில்லுப்பாட்டாகவும் பாடினார்.

'தில்லானா' கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது சொந்தப் பேரைப் போட்டுக்கலை, 'கலைமணி' என்றுதான் எழுதினார். அது படமானது 1968-ல்.

1971-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1974 பிப்ரவரியில் காலமானார். சென்னைக்கு டி.வி. வந்தது 1975-ல். தன் கதையை வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை.