சட்டை வியாபாரி விற்ற 16 தோட்டா துப்பாக்கி: அமெரிக்க கோர்ட்டுகளில் இன்னும் அடிபடும் ஆலிவர் வின்செஸ்டர் யார்?

ஒரு துப்பாக்கியில் அதிகபட்சம் எத்தனை தோட்டா போடலாம்? 10? 15? 30? அமெரிக்காவில் கலிஃபோர்னியா, கனெக்டிகட், ரோட் ஐலண்ட் என்று பல மாகாணங்களில் இந்த ஒரே கேள்வியை வைத்து வருஷக்கணக்கில் வழக்கு நடக்கிறது. அந்த வழக்குகளில் 1880-லேயே இறந்துபோன ஒருவரின் கம்பெனி பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. வின்செஸ்டர்.

கவ்பாய் படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஹீரோ கையில் ஒரு நீளத் துப்பாக்கி, அடியில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம், அதை சடக்கென்று இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ரெடி. அந்தத் துப்பாக்கியின் முதலாளிதான் ஆலிவர் வின்செஸ்டர்.

கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். இங்கே மேகசின் என்றால் வாரப் பத்திரிகை இல்லை. தோட்டாக்களை வரிசையாக அடுக்கி வைக்கும் கூடு. அது பெட்டி மாதிரி இருக்கலாம், குழாய் மாதிரியும் இருக்கலாம். கூட்டில் எத்தனை தோட்டா பிடிக்குமோ, அத்தனை முறை நிறுத்தாமல் சுடலாம். தீர்ந்தால்தான் மாற்ற வேண்டும். வழக்கே இந்த 'மாற்றும் நேரம்' பற்றித்தான்.

தச்சு வேலையில் தொடங்கியவர்

1810 நவம்பர் 30-ம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார் ஆலிவர். நடக்கப் பழகும் வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் கஷ்டம். சின்ன வயதிலேயே பண்ணை வேலை, பிறகு தச்சு வேலை. இருபது வயதில் பால்டிமோர் நகரத்துக்குப் போய் கட்டட வேலை பார்த்தார். அங்கேயே ஆண்களுக்கான துணிக்கடை போட்டார்.

அந்தக் காலத்து சட்டைகளில் ஒரு தொல்லை இருந்தது. துணியின் பாரம் முழுக்க கழுத்துப் பட்டியில் இழுக்கும். ஆலிவர் தோள்பட்டைத் தையலை வளைத்துப் போட்டு அந்த இழுப்பைக் குறைத்தார். 1848-ல் இதற்கு காப்புரிமையும் வாங்கினார். கனெக்டிகட் மாகாணத்தின் நியூ ஹேவன் நகரில் கூட்டாளி ஒருவருடன் சட்டைத் தொழிற்சாலை தொடங்கினார். பணம் கொட்டியது. கையில் காசு சேர்ந்த வியாபாரி சும்மா இருப்பாரா? அடுத்து எதில் போடலாம் என்று தேடினார்.

நஷ்டக் கம்பெனியை வாங்கிய கதை

1855-ல் வால்கானிக் என்ற துப்பாக்கிக் கம்பெனியில் முதலீடு செய்தார். ஸ்மித், வெஸ்ஸன் என்ற இருவரின் முயற்சியில் உருவான துப்பாக்கி அது. ஒரு முறை நிரப்பினால் பல முறை சுடலாம். யோசனை பிரமாதம், ஆனால் அதன் தோட்டாவில் வேகமே இல்லை. கம்பெனி படுத்துவிட்டது. மற்றவர்கள் கை கழுவ, ஆலிவர் 1857-ல் சொத்துகளை எடுத்துக்கொண்டு நியூ ஹேவன் ஆர்ம்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆலிவர் துப்பாக்கியை வடிவமைத்தவர் கிடையாது. அவருக்குத் தெரிந்தது வியாபாரம், சரியான ஆளை வேலைக்கு வைப்பது. அந்த ஆள்தான் பெஞ்சமின் டைலர் ஹென்றி. நல்ல உலோகத் தோட்டா, அதற்கேற்ற துப்பாக்கி இரண்டையும் தயார் செய்தவர் அவர். 1860 அக்டோபர் 16-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. குழாய் மேகசினில் 16 தோட்டாக்கள். மற்றவர்கள் குழலில் மருந்து கிட்டித்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த வருஷமே அமெரிக்க உள்நாட்டுப் போர். அரசு ஓடி வந்து வாங்கியிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ராணுவ ஆயுதத் துறைத் தலைவர் ஜேம்ஸ் ரிப்ளிக்கு இந்த மாதிரித் துப்பாக்கி பிடிக்கவே இல்லை. சிப்பாய்கள் தோட்டாவை வீணடிப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஜனாதிபதி லிங்கனுக்கே தங்க முலாம் பூசிய ஹென்றி ரைஃபிள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் மொத்த உற்பத்தி சுமார் 14,000. அரசு வாங்கியது 2,000-ஐக்கூட தொடவில்லை. ஆனால் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். துப்பாக்கி விலை சுமார் 40 டாலர், சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்குகிறான் என்றால், உயிர் மேல் அவ்வளவு ஆசை.

துப்பாக்கிக்குப் பெயர் ஹென்றி, லாபம் ஆலிவருக்கு. தனக்கு உரிய பணம் வரவில்லை என்ற ஆத்திரம் ஹென்றிக்கு. ஆலிவர் ஐரோப்பா போயிருந்த நேரம் பார்த்து, கனெக்டிகட் சட்டமன்றத்தில் மனு போட்டு கம்பெனியைத் தன் வசமாக்கப் பார்த்தார். விஷயம் தெரிந்து அவசரமாகத் திரும்பிய ஆலிவர், 1866-ல் தன் பெயரிலேயே புதுக் கம்பெனியை நிறுவிவிட்டார். ஹென்றி வெளியே. என்னைக் கேட்டால், இந்த இடத்தில் மனசு ஹென்றி பக்கம்தான் சாய்கிறது. அதே 1866-ல்தான் ஆலிவர் கனெக்டிகட்டின் துணை ஆளுநராகவும் ஆனார்.

யார் கையில் போனது?

புது மாடலில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். தோட்டாவை அதன் வழியாகவே தள்ளலாம். உள்ளூரில் ராணுவம் வாங்கவில்லை என்றதும் ஆலிவர் வெளிநாடுகளைப் பார்த்தார். துருக்கியின் ஒட்டோமான் அரசு 50,000 துப்பாக்கிகள் வாங்கியது. 1877-ல் ப்ளெவ்னாவில் முன்னேறி வந்த ரஷ்யப் படை கிட்டத்தில் நெருங்கியதும், துருக்கியர்கள் எடுத்தது இந்தத் துப்பாக்கிகளைத்தான். ரஷ்யர்களுக்கு பெரும் உயிர்ச்சேதம்.

அதற்கு முந்தைய வருஷம், 1876 ஜூனில் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் சண்டை. லகோடா, செயென் பழங்குடி வீரர்களில் பலரிடம் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள். எதிரே அமெரிக்க ராணுவத்தின் கஸ்டர் படையிடம் ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பும் துப்பாக்கிகள். கஸ்டரும் அவருடன் நின்ற படைப்பிரிவும் மொத்தமாக அழிந்தார்கள். சொந்த அரசு வேண்டாம் என்று ஒதுக்கிய துப்பாக்கி, அதே அரசின் படையைச் சுட்டது.

1873-ம் வருஷ மாடல் 7 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் ஆலிவர் அதில் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை. 1880 டிசம்பரில் இறந்தார். மகன் வில்லியம் மூன்றே மாதத்தில் காசநோயில் போனார். சொத்து மருமகள் சாராவுக்கு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் அவர் கட்டிய 160 அறை மாளிகையை இன்றும் டூரிஸ்ட்கள் பார்க்கிறார்கள். துப்பாக்கியில் செத்தவர்களின் ஆவிக்குப் பயந்து கட்டினார் என்று கதை சொல்வார்கள். அதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

சரி, இப்போ கோர்ட்டில் இவருக்கு என்ன வேலை?

2012 டிசம்பர் 14. அதே கனெக்டிகட், நியூடவுன். சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பயன்படுத்தியது 30 தோட்டா மேகசின்கள். நாலு மாதத்துக்குள் கனெக்டிகட்டில் சட்டம் வந்தது: மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. 2011-ல் அரிசோனாவின் டூசானில், 33 தோட்டா தீர்ந்து அடுத்த மேகசினை மாற்றப்போன நொடியில்தான் கொலையாளியை மக்கள் மடக்கினார்கள். அந்த நொடி சீக்கிரம் வரவேண்டும் என்பதுதான் இந்தச் சட்டங்களின் நோக்கம்.

எதிர்த்து வழக்குப் போட்டவர்களுக்கு 2022-ல் பெரிய பிடி கிடைத்தது. நியூயார்க் வழக்கு ஒன்றில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாக இருந்தாலும் நாட்டின் சரித்திர வழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவுதான், வக்கீல்கள் எல்லாரும் சரித்திரப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். மாகாணங்களையும் ஆயுத உரிமைக்குக் கட்டுப்படுத்தும் 14-வது சட்டத் திருத்தம் வந்தது 1868-ல். அதற்கு முன்பே 16 தோட்டா ஹென்றியும் வின்செஸ்டரும் கடையில் விற்றன, யாரும் தடை போடவில்லை, இப்போது மட்டும் 10 என்றால் எப்படி? இது துப்பாக்கி உரிமையாளர்கள் தரப்பு.

மாகாணங்களின் பதில்: அன்று அந்தத் துப்பாக்கிகள் உள்நாட்டில் புழங்கியது கொஞ்சம், பெரும்பகுதி வெளிநாட்டு ராணுவங்களுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் வளையத்தை இழுக்க வேண்டும். குழாயில் தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டும். ஒரு ஆளே பள்ளிக்கூடத்தில் புகுந்து நிமிஷத்தில் 26 பேரைக் கொல்லும் பிரச்னையே அன்று இல்லை. பிரச்னை வந்தபோது, அதாவது 1920-களில் கேங்ஸ்டர்கள் டாமி கன் தூக்கியதும், மாகாணங்கள் சட்டம் போட்டன.

கலிஃபோர்னியா வழக்கு பந்து மாதிரி உருண்டது. சான் டியகோ நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2019-ல் சட்டத்தை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் 2021-ல் சட்டம் பிழைத்தது. உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்ப, 2023-ல் பெனிடெஸ் மறுபடி ரத்து செய்தார். 2025 மார்ச்சில் 9-வது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று மறுபடி சட்டத்தைக் காப்பாற்றியது. எதிர்த்த நீதிபதிகளில் ஒருவர் தன் அறையில் துப்பாக்கிகளைக் கையில் வைத்து வீடியோவே வெளியிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில், ஆலிவரின் கனெக்டிகட் சட்டத்தை நிறுத்தி வைக்கவும் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. கனெக்டிகட், கலிஃபோர்னியா இரண்டு சட்டங்களிலும் ஒரு விலக்கு உண்டு: வளையம் இழுத்துச் சுடும் துப்பாக்கியின் குழாய் மேகசினுக்கு 10 என்ற கணக்கு பொருந்தாது. அதாவது, யாராவது பரணிலிருந்து தாத்தாவின் 1873 வின்செஸ்டரை இறக்கி வைத்திருந்தால், அவர்மேல் இந்தச் சட்டம் பாயாது.