டாக்டர் தாமஸ் பிரான்ஸிஸ்

வெற்றியினாற் புகழ் பெற்றோர் உலகிற் பலர். தாம் அரிதிற் பெற்ற வெற்றி தம் கண்முன்னே பயனற்றுப்போகக் கண்டும் மனந்தளராது, அதன் காரணத்தை ஆராய்ந்து முன்னினும் பெரியதோர் உண்மையைக் கண்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க வைத்திய அறிஞராகிய டாக்டர் தாமஸ் பிரான்ஸிஸ் ஆவார்.

இவர் 1900-ம் வருஷம் ஜூலை மாதம் 15-ம் தேதி இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த காஸ் ஸிடி என்னும் ஊரிற் பிறந்தார். இவர்தம் பதினெட்டாம் பிராயத்தில் இன்புளுயென்சா என்னும் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவி, கோடிக்கணக்கான மக்களை மாய்த்தது. அக்காலத்து வைத்தியர்கள் அந்நோயின் வித்து யாதென அறியாது திகைத்தனர். பிரான்ஸிஸ் அல்கெனி கலாசாலையிற் பயின்று, 1925-ல் யேல் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

அந்நோய்க்குக் காரணமான வைரஸ் என்னும் நுண்ணிய கிருமியை 1933-ல் லண்டன் அறிஞர் மூவர், பெரட் என்னும் சிறு பிராணியின் உதவியாற் பிரித்தெடுத்தனர். மறு வருஷமே பிரான்ஸிஸ் அமெரிக்காவில் அதனைப் பிரித்தெடுத்தார். 1940-ல் அதன் வேறோர் இனத்தையுங் கண்டார். 1941-ல் மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்ற இவர், அமெரிக்கச் சேனையின் இன்புளுயென்சா ஆராய்ச்சிக் குழுவுக்கும் தலைமை பூண்டார். கோழிமுட்டையில் வைரஸை வளர்த்துக் கொன்று செய்த தடுப்பு மருந்தை 1943-ல் சேனைப்பயிற்சி பெற்ற மாணவர் ஏறக்குறைய 12,500 பேரிடம் சோதித்தார். மருந்து குத்திக்கொள்ளாதோரில் 100-க்கு 7 பேரும், குத்திக்கொண்டோரில் 100-க்கு 2 பேரும் நோயுற்றனர். யாவரும் மகிழ்ந்தனர்.

ஆயின் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1947-ல் வந்த காய்ச்சலில், மருந்து பெற்ற மாணவரும் பெறாத மாணவரும் ஏறக்குறைய ஒப்ப நோயுற்றனர். வைரஸ் தன் உருவைச் சிறிது மாற்றிக்கொண்டமையால் பழைய மருந்து அதனை அறியாதொழிந்தது. பிரான்ஸிஸ் தோல்வியை மறைத்தாரில்லை; தாமே அதனை வெளியிட்டார்.

பின்னர்த் தம் சகாக்களுடன் பல பிராயத்தினரின் உதிரத்தையும் பரிசோதித்தார். ஒவ்வொருவர் உடலிலும், குழந்தைப் பருவத்தில் முதன்முதல் தாக்கிய வைரஸுக்குரிய எதிர்ப்பொருளே மேலோங்கி நிற்பதைக் கண்டார். பிந்திய வகைகள் தாக்கும்போதும் உடல் அப்பழைய பகைவனையே நினைந்து போர் செய்கின்றது. இதற்கு இவர் 1960-ல் ஜென்ம பாவம் என்னும் வேதசாஸ்திரக் கருத்தைத் தழுவிப் பெயரிட்டார். முதற் சுவட்டை நோய் பதிக்குமுன், தக்க மருந்தினால் நன்மையாகவே பதித்துவிடலாம் என்னும் நம்பிக்கையையும் உடன் வெளியிட்டார்.

இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைக் கண்ட ஜோனஸ் ஸால்க் இவரிடம் பயின்றவரே. ஏறக்குறைய 18 லட்சம் குழந்தைகள் பங்குகொண்ட அம்மருந்தின் சோதனையை நடுநின்று ஆராய்ந்து, அது பயனுடையதென 1955 ஏப்ரல் 12-ம் தேதி உலகுக்கு அறிவித்தவரும் இவரே. 1969-ல் இவர் காலஞ்சென்றார்.

இவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், 1997-ல், ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் 18 பேரைப் பற்றி அறுவரைக் கொன்றது. அதன் பின்னரும் பல தேசங்களில் அது மனிதரைப் பற்றியது. 1968-க்கு முன் பிறந்தோரை அக்காய்ச்சல் கடுமையாய்ப் பீடித்தல் குறைவென 2016-ல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அவர்கள் குழவிப்பருவத்திற் கண்ட வைரஸ் எச்5 வகைக்கு நெருங்கிய உறவுடையது. பிரான்ஸிஸ் கண்ட முதற் சுவடு இங்கே கேடயமாயிற்று!

வைரஸின் மேலுள்ள புரதம் காளானைப்போலத் தலையும் தண்டும் உடையது. தலை அடிக்கடி மாறும்; தண்டு எளிதில் மாறாது. ஆதலின் தண்டையே குறிவைக்கும் மருந்துகளைச் சிலர் ஆராய்கின்றனர். பென்ஸில்வேனியா சர்வகலாசாலையார் 20 வகைகளின் அடையாளங்களை ஒரே மருந்தில் அமைத்து, எலிகளிலும் பெரட்டுகளிலும் சோதித்து, 2022-ல் நற்பயன் கண்டனர். வரக்கூடிய கொள்ளைநோய் இன்ன உருவில் வருமென எவரும் முன்னறிய இயலாது. எனவே பல உருவுக்கும் ஏற்ற காப்பை முன்னரே தேடுதல் அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! 1943-ன் வெற்றியோடு பிரான்ஸிஸ் அமைந்திருப்பின் அவர் பெயர் ஒரு மருந்தோடு நின்றிருக்கும். 1947-ன் தோல்வியை அவர் மறையாது ஆராய்ந்தமையாலன்றோ, இன்று பல வகைக் காய்ச்சலுக்கும் ஒரே காப்புத் தேடுவோர்க்கு அவர் வழிகாட்டியாய் நிற்கின்றார்!