21 வருஷம் சாம்பிள் கொடுத்த மனைவி... லட்சக்கணக்கான பெண்களைக் காப்பாற்றிய டெஸ்ட்! யார் இந்த டாக்டர் பாப்?

30 வயதைத் தாண்டிய பெண்கள் மகப்பேறு மருத்துவரிடம் போனால், பாப் ஸ்மியர் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்பது வழக்கம். இந்த 'பாப்' ஏதோ மெடிக்கல் சுருக்கெழுத்து என்றுதான் பலரும் நினைச்சுட்டு இருக்கோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். முழுப் பெயர் ஜார்ஜ் நிக்கோலஸ் பாப்பனிகோலாவ். வாயில் நுழையாத பெயர் என்பதால் சுருக்கமாக டாக்டர் பாப்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை, அது புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் இவர். ஆனால், அதை உலகம் நம்புவதற்கு 10 வருஷத்துக்கும் மேல் ஆனது. இந்தக் கதையில் இவருக்குச் சமமான இன்னொரு ஆளும் உண்டு. அவருடைய மனைவி மேரி.

டாக்டர் மகன்... ஆனா க்ளினிக் பிடிக்கலை!

கிரேக்க நாட்டின் எவியா தீவில் உள்ள கிமி என்ற ஊரில், 1883 மே 13-ம் தேதி பிறந்தார் பாப்பனிகோலாவ். அப்பா நிக்கோலஸ் ஊரறிந்த டாக்டர், கிமியின் மேயராகவும் இருந்தவர். மகனும் டாக்டராகி, ஊரிலேயே பிராக்டிஸ் செய்ய வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

மகன் பாதி ஆசையைத்தான் நிறைவேற்றினார். 1904-ல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். ஊருக்குத் திரும்பி கொஞ்ச காலம் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். ஆனால் மனசு முழுக்க ஆராய்ச்சியில்தான் இருந்தது. ஜெர்மனிக்குப் போய், 1910-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதே ஆண்டு ஆண்ட்ரோமாஹி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் எல்லோரும் மேரி என்று அழைத்தது இவரைத்தான். ராணுவக் குடும்பத்துப் பெண், படித்தவர். மொனாக்கோவில் கொஞ்ச நாள் கடல் ஆராய்ச்சி வேலை, அப்புறம் 1912-ல் பால்கன் போர் வந்ததும் ராணுவ டாக்டர் பணி என்று நாட்கள் ஓடின. அந்தப் போரில் சண்டையிட அமெரிக்காவில் இருந்து கிரேக்கர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் பாப்பனிகோலாவுக்கு அமெரிக்கா போகும் எண்ணம் வந்தது.

கையில் 250 டாலர்... இங்கிலீஷும் தெரியாது!

1913 அக்டோபரில் கணவனும் மனைவியும் நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கினார்கள். கையில் இருந்தது 250 டாலர். இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அவருக்கு வயது 30, கையில் இரண்டு பட்டங்கள், வேலை மட்டும் இல்லை.

கிம்பெல்ஸ் என்ற பெரிய துணிக்கடையில் மேரி பட்டன் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வாரம் 5 டாலர் சம்பளம். அதே கடையில் தரைவிரிப்பு விற்கும் வேலைக்குப் போனார் பாப்பனிகோலாவ். ஒரே நாள்தான், நின்றுவிட்டார். பிறகு ஹோட்டல்களில் வயலின் வாசித்தார், ஒரு கிரேக்கப் பத்திரிகையில் கிளார்க்காக இருந்தார். வெளிநாடு போய் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் கிடைத்ததைச் செய்யும் நம்ம ஊர் இளைஞர்களுக்கு இது புதுக் கதை இல்லை.

அவருடைய மியூனிக் ஆராய்ச்சியை அறிந்திருந்த பிரபல மரபியல் விஞ்ஞானி தாமஸ் ஹன்ட் மார்கன் பரிந்துரை செய்ய, நியூயார்க் மருத்துவமனையில் ஒரு வேலை கிடைத்தது. 1914-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு மாறினார். அடுத்த 47 வருஷம் அங்கேதான். கொஞ்ச நாளில் மேரியும் அதே ஆய்வகத்தில் கணவருக்கு உதவியாளராகிவிட்டார்.

எல்லாம் கினிப் பன்றியில் இருந்துதான் ஆரம்பிச்சது

கார்னெலில் சார்லஸ் ஸ்டாக்கார்ட் என்ற பேராசிரியரின் கீழ் கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ச்சி நடந்தது. பாப்பனிகோலாவுக்குத் தேவை, சரியான பருவத்தில் இருக்கும் கருமுட்டை. ஆனால், கினிப் பன்றிக்குச் சினைமுட்டை எப்போது வெளியாகும் என்பது வெளியே தெரியாது. விலங்கைக் கொன்று பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் நாள் தவறிப்போய் விலங்கும் வீண், உழைப்பும் வீண்.

பெண்களுக்கு மாதவிடாய் வருவது போல, கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது இந்த விலங்கிலும் மாற்றம் இருக்கணுமே என்று யோசித்தார். மூக்கைப் பரிசோதிக்கும் சின்ன ஸ்பெகுலம் கருவியை எடுத்து, கினிப் பன்றியின் பிறப்புறுப்பில் இருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்தார். கண்ணாடி ஸ்லைடில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

நாளுக்கு நாள் அந்தத் திரவத்தில் இருந்த செல்களின் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. சுமார் 16 நாளுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பவும் வந்தது. அதாவது, சினைப்பை உள்ளே என்ன செய்கிறது என்பதை ஒரு துளி திரவமே சொல்லிவிடும். எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. 1917-ல் ஸ்டாக்கார்டும் இவரும் இதை வெளியிட்டார்கள்.

குழந்தைப்பேறு தொடர்பான இன்றைய மருத்துவத்துக்கு இது ஒரு முக்கியமான படி. 1923-ல் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற இரு விஞ்ஞானிகள் சினைப்பை ஹார்மோனின் வேலையை நிரூபித்தபோது, எலிகளில் இதே ஸ்மியர் முறையைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த ஹார்மோனைத்தான் இன்று ஈஸ்ட்ரோஜன் என்கிறோம்.

தினமும் சாம்பிள் கொடுத்த மேரி

சரி, இது பெண்களிடமும் வேலை செய்யுமா? அதைத் தெரிந்துகொள்ள ஒரு பெண்ணிடம் இருந்து தினமும் சாம்பிள் வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். 100 வருஷத்துக்கு முன்னால் அப்படி யாரிடம் போய் கேட்பது?

மேரி முன்வந்தார். ஏறக்குறைய தினமும், மொத்தம் 21 வருஷம் அவரிடம் இருந்து சாம்பிள் எடுக்கப்பட்டது. மாதவிடாய்ச் சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆரோக்கியமான ஒரு பெண்ணின் செல்கள் எப்படி இருக்கும் என்ற வரைபடம் அப்படித்தான் உருவானது. நார்மல் எது என்று தெரிந்தால்தானே, நார்மல் இல்லாதது கண்ணில் படும்?

பகலில் ஆய்வகத்திலும் வீட்டிலும் அவருக்கு உதவியாக இருந்ததும் மேரிதான். இந்தத் தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. கணவரின் ஆராய்ச்சிக்கு மனைவியே ஆய்வுக்கு உட்படுவது என்பது, இன்றைய விதிகள்படி எந்த நெறிமுறைக் குழுவும் யோசிக்காமல் அனுமதிக்காத விஷயம். ஆனால் மேரி இல்லாமல் இந்த டெஸ்ட் வந்திருக்காது. டெஸ்டின் பெயரில் அவர் பெயர் இல்லை, அவ்ளோதான்.

1928-ல் சொன்னார்... யாரும் கேட்கலை

1920-களின் நடுவில், நியூயார்க்கில் உள்ள பெண்கள் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் சாம்பிள்களையும் பார்க்கத் தொடங்கினார். அப்போதுதான் ஒரு ஸ்லைடில், வழக்கத்துக்கு மாறான செல்கள் தெரிந்தன. கரு பெரிதாக, உருவம் கோணலாக இருந்தன. அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருந்தது. வாழ்க்கையில் மறக்க முடியாத தருணங்களில் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1928 ஜனவரியில் மிச்சிகன் மாகாணத்தின் பேட்டில் கிரீக் நகரில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். வரவேற்பு? பூஜ்யம். புற்றுநோயை உறுதி செய்ய சதையை வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இருக்கும்போது, உதிர்ந்த செல்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நோயியல் நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ருமேனியாவைச் சேர்ந்த ஆரெல் பாபெஷ் என்ற டாக்டரும் ஏறக்குறைய அதே நேரத்தில், வேறொரு முறையில் இதே முடிவுக்கு வந்திருந்தார். அவரையும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

நிபுணர்கள் தவறவிட்டது ஒரே ஒரு விஷயம். பயாப்ஸி, சந்தேகம் வந்த பிறகு செய்வது. அந்தக் காலத்தில் ரத்தப்போக்கு, வலி என்று ஒரு பெண் டாக்டரிடம் வரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். பாப்பனிகோலாவ் சொன்னது, எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணிடமே நோயைத் தேடலாம் என்பது.

58 வயதில் கிடைத்த வெற்றி

பாப்பனிகோலாவ் சண்டை போடவில்லை. தன் ஆராய்ச்சிக்கே திரும்பிவிட்டார். 1939-ல் கார்னெலில் துறைத் தலைவராக வந்த ஜோசப் ஹின்சி, அந்தப் பழைய புற்றுநோய் ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் ட்ராட் கைகோத்தார். நியூயார்க் மருத்துவமனையின் பெண்கள் நலப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் வழக்கமாக ஸ்மியர் எடுக்க ஆரம்பித்தார்கள்.

முடிவு தெளிவாக இருந்தது. யாருமே சந்தேகப்படாத பெண்களிடமும் புற்றுநோய் பிடிபட்டது. 1941-ல் ஆய்வுக் கட்டுரை, 1943-ல் புத்தகம் என்று வெளிவந்தபோது மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. புத்தகத்துக்கு ஜப்பானிய ஓவியர் ஹாஷிமே முராயாமா செல்களை வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் டெஸ்டைப் பிரசாரமாகவே எடுத்துச் சென்றது. உலகின் பல பகுதிகளில் இருந்து டாக்டர்கள் அவரிடம் வந்து பயிற்சி பெற்றார்கள்.

1955-க்கும் 1992-க்கும் இடையில் அமெரிக்காவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரண விகிதம் 60 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் பாப் டெஸ்ட்தான்.

1950-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. விடுமுறை எடுப்பதே அபூர்வம் என்று வாழ்ந்தவர், 1961-ல் மயாமியில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தை நடத்தப் போனார். சில மாதங்களில், 1962 பிப்ரவரி 19-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 78. மையத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மேரி 1982 வரை வாழ்ந்தார். யூரோ வருவதற்கு முன் கிரேக்க நாட்டின் 10,000 டிராக்மா நோட்டில் பாப்பனிகோலாவின் படம் இருந்தது.

இந்த டெஸ்ட் எப்படி வேலை செய்யுது?

கர்ப்பப்பையின் வாய்ப் பகுதியில் இருந்து சின்ன பிரஷ் அல்லது ஸ்பாட்டுலாவால் செல்களைத் தடவி எடுப்பார்கள். சில நிமிஷம்தான். மயக்க மருந்து தேவையில்லை. லேசான அசௌகரியம் இருக்கலாம். அந்தச் செல்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இந்தப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதுமே காரணம், ஹெச்பிவி என்ற வைரஸின் நீடித்த தொற்று. இதைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் ட்சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் கிடைத்தது. தொற்று புற்றுநோயாக மாற பொதுவாக 10 வருஷத்துக்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில் செல்கள் காட்டும் மாற்றத்தைத்தான் பாப் டெஸ்ட் பிடிக்கிறது.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆரம்ப கட்ட மாற்றம் என்றால், பாதித்த பகுதியை மட்டும் உறைய வைத்தோ, சூட்டாலோ, சின்ன அளவில் வெட்டியோ அகற்றிவிடலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும். முற்றிய பிறகு வந்தால் கர்ப்பப்பையையே எடுக்கவோ, கதிர்வீச்சு கொடுக்கவோ வேண்டி வரும்.

ஒருமுறை நார்மல் என்று வந்தால் ஆயுசுக்கும் போதும் என்று அர்த்தமில்லை. சில நேரம் மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பவும் செய்யச் சொல்கிறார்கள்.

நம்ம நிலைமை என்ன?

இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. 75,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 2 பேர் கூட இல்லை. தமிழ்நாட்டில் 100-க்கு சுமார் 10 பேர்.

நேரமில்லை, கூச்சமா இருக்கு, எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, ரிசல்ட் என்ன வருமோன்னு பயம்... காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். மேரி 21 வருஷம் தினமும் செய்ததை நாம் சில வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கவனத்தில் வைக்க வேண்டியவை:

* இந்தியாவில் 30 வயது முதல் 65 வயது வரை, 5 வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்ய அரசு வழிகாட்டுதல் உள்ளது.
* தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் ஆசிட் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை செய்கிறார்கள். பாப் ஸ்மியர், ஹெச்பிவி டெஸ்ட் ஆகியவற்றில் உங்களுக்கு எது பொருத்தம் என்பதை டாக்டர் சொல்வார்.
* பீரியட்ஸ் நாட்களில் பாப் ஸ்மியர் வேண்டாம். முந்தைய 2 நாட்கள் தாம்பத்திய உறவையும், பிறப்புறுப்பில் வைக்கும் மருந்துகளையும் தவிர்க்கவும்.
* உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, பீரியட்ஸ் இல்லாத நாளில் ரத்தப்போக்கு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால், அடுத்த பரிசோதனை தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.
* வீட்டில் பெண் குழந்தை இருந்தால், ஹெச்பிவி தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தடுப்பூசி போட்டவர்களும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.