எரிந்துபோன அட்டைகளும் நினைவில் நின்ற ஊரும்

படூர் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் பயணம் செய்பவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. அருகே சிறுசேரியில் மென்பொருள் நிறுவனங்கள், சாலையோரங்களில் கல்லூரிகள், கிழக்கே சிறிது தொலைவில் கோவளம் கடற்கரை. கல்லூரியில் பயிலும் நம் இளையோர் சிலர், தங்கள் ஆய்வுக்காகக் கடலோர மக்களிடம் பேட்டி எடுத்து, அதனைக் கணினியில் ஏற்றி, மென்பொருளின் துணையோடு ஆராய்ந்து வருகிறார்கள்.

அப்படி ஒரு மாணவி அண்மையில் தன் மடிக்கணினியை நம்மிடம் கொண்டு வந்து காட்டினார். பேட்டிகள் அனைத்தும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. கடனைப் பற்றிப் பேசிய வரிகளுக்கு ஒரு நிறம், பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு நிறம், மதுப் பழக்கத்திற்கு ஒரு நிறம். கடன் என்ற தலைப்பை அழுத்தினால் போதும், எல்லாருடைய பேட்டியிலும் கடனைப் பற்றி வந்த பகுதிகள் ஒன்றாக வந்து நின்றன. எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் இதிலிருந்து என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார். அன்று அவருக்கு நாம் எடுத்துச் சொன்ன ஒரு மனிதரின் வாழ்க்கையை இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

அவர் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ். 1916ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் மைசூரில், தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். மைசூரிலும் பம்பாயிலும் படித்து, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சமஸ்கிருதமயமாக்கம், ஆதிக்கச் சாதி ஆகிய கருத்துகளைச் சமூகவியலுக்குத் தந்தவர் அவரே. இன்று தேர்தல் நேரத்தில் எல்லாரும் பயன்படுத்தும் வாக்கு வங்கி என்ற சொல்லும் அவருடைய எழுத்தின் வழியாகவே பரவியது.

1948ஆம் ஆண்டு, மைசூருக்கு அருகிலிருந்த ஒரு கிராமத்திற்குச் சென்று ஏறத்தாழ 11 மாதங்கள் தங்கினார். தம் நூல்களில் அவ்வூருக்கு ராம்புரா எனப் பெயரிட்டார். ஊர்த் தலைவருக்குச் சொந்தமான, காளைகள் கட்டப்பட்டிருந்த ஒரு வீட்டில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. ஊராரைக் கேள்வி கேட்கப் போனவரை ஊரார் கேள்வி கேட்டார்கள். பிராமணராகப் பிறந்தவர் எப்போது முகச்சவரம் செய்ய வேண்டும், எப்போது குளிக்க வேண்டும் என்றுகூட அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் அதையும் கவனித்தார். நிலம், பயிர், சண்டை, சமரசம், திருமணம், சாவு என்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். 1952ஆம் ஆண்டு மீண்டும் அவ்வூருக்குச் சென்றார்.

அக்குறிப்புகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து ஒழுங்குபடுத்தும் பணி 18 ஆண்டுகள் நீண்டது. இன்று மென்பொருள் நொடியில் செய்யும் வேலையை அவர் கையால் செய்தார் எனலாம். இடையில் பரோடாவிலும் டெல்லியிலும் சமூகவியல் துறைகளை உருவாக்கும் பொறுப்பும் அவர் தோள்மீது இருந்தது. இறுதியாக 1970ஆம் ஆண்டு, நூலை எழுதி முடிப்பதற்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஆய்வு மையத்திற்குச் சென்றார். ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் அங்கே அவரது அறையிலேயே இருந்தன.

அந்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் விடியுமுன் அந்த மையத்திற்கு யாரோ தீ வைத்தார்கள். வியட்நாம் போருக்கு எதிரான கொந்தளிப்பு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை உலுக்கிய காலம் அது. ராம்புராவுக்கும் அந்தப் போருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் 18 ஆண்டு உழைப்பு சில மணி நேரத்தில் கரியாகிப் போனது. மூன்று படிகள் இருந்தும் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் ஒன்றும் தப்பவில்லை. முதலில் எழுதிய நாட்குறிப்புகள் மட்டும் டெல்லியில் பத்திரமாக இருந்தன.

மனம் உடைந்திருந்த அவரிடம், சிகாகோ பல்கலைக்கழக மானுடவியல் பேராசிரியர் சோல் டாக்ஸ் ஒரு யோசனை சொன்னார். குறிப்புகளை மறந்துவிட்டு, நினைவில் இருப்பதைக் கொண்டே நூலை எழுதலாமே என்பதுதான் அது. சீனிவாஸ் அப்படியே எழுதத் தொடங்கினார். அந்த ஊரின் மனிதர்கள் ஒவ்வொருவராக அவர் முன் வந்து நின்றார்கள். அவர்களின் குரல், கோபம், கேலி, பெருந்தன்மை எல்லாம் திரும்பி வந்தன. 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'நினைவில் நின்ற கிராமம்' என்ற பொருளுடைய அந்த ஆங்கில நூல், இந்தியச் சமூகவியலின் சிறந்த நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெங்களூரில் சீனிவாஸ் மறைந்தார்.

அப்படியானால் மென்பொருள் வேண்டாமா? அப்படிச் சொல்வதற்கில்லை. சொற்களை ஆராயும் வேலைக்குக் கணினியை அழைத்து வந்தவர்களுள் முன்னோடி, இத்தாலி நாட்டு இயேசு சபைக் குருவான ரொபெர்ட்டோ பூசா அவர்களே. 1949ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடிய அவர், புனித தாமஸ் அக்குவினாரின் நூல்களிலுள்ள ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்களுக்கு அகரவரிசை அடைவு தயாரித்தார். பின்னர் 1981ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் தம்பதியர், பேட்டிகளையும் களக் குறிப்புகளையும் வகைப்படுத்தும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். அதன் வழியில் வந்ததே இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் என்விவோ. ஆயிரம் பக்கங்களில் ஒரு வரியைத் தேடி எடுக்கவும், நமக்குச் சாதகமானதை மட்டும் நினைவில் வைத்து மற்றதை மறந்துவிடாமல் இருக்கவும் இவை பெரிதும் உதவுகின்றன. நினைவும் நம்மை ஏமாற்றக்கூடியதுதானே!

ஆனால் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. ஒரு வரிக்குக் கடன் என்று பெயரிடுவதா, அவமானம் என்று பெயரிடுவதா என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். கடனைப் பற்றிப் பேசும்போது அந்தத் தாய் ஏன் தலைகுனிந்தார் என்பது, அருகில் அமர்ந்திருந்தவருக்கு மட்டுமே தெரியும். சீனிவாஸின் அட்டைகள் எரிந்த பிறகும் அவரால் எழுத முடிந்ததற்குக் காரணம், அவர் தகவல் மட்டும் சேகரிக்கவில்லை, அம்மக்களோடு வாழ்ந்தார் என்பதே.

இன்னொன்றும் உண்டு. ஊர்த் தலைவரின் ஆதரவில் தங்கியிருந்ததால், உயர் சாதியினரின் கண் வழியாகவே தாம் ஊரைப் பார்த்ததாகச் சீனிவாஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். யாரிடம் நாம் பேசவில்லையோ அவருடைய குரல் எந்த அட்டையிலும் இராது. எந்த மென்பொருளும் அதைத் தேடித் தராது.

இதைக் கேட்ட அந்த மாணவி தம் பெயர்ப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்த்தார். படகு வைத்திருப்பவர்கள் இருந்தார்கள், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் இருந்தார்கள். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களில் ஒருவர்கூட இல்லை. அடுத்த வாரமே அவர் மறுபடியும் கடற்கரைக்குப் புறப்பட்டார். ஒலிப்பதிவுகளின் ஒரு படியை வேறொரு வீட்டில் வைத்துவிட்டுத்தான் சென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்!

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோர மக்களிடம் எத்தனையோ பேர் படிவங்களோடு வந்து கேள்வி கேட்டார்கள். நாமும் நம் பங்குகளில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்துகிறோம். அன்பியங்கள் வழியாக விவரங்கள் சேகரிக்கிறோம். அவை இன்று கணினியில் ஏறுகின்றன, நல்லதுதான். ஆனால் அடுத்த முறை படிவத்தோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது, சற்று உள்ளே சென்று அமர்வோம். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கேட்போம். எந்த வீட்டுக் கதவை நாம் இன்னும் தட்டவே இல்லை என்பதையும் சிந்திப்போம்.