வோல்டர் பேர்லி கிரிபின் (1876 – 1937)

மாணவர்களே, பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது அவரது வெற்றிகளை மட்டும் அடுக்கினால் போதாது. அவர் எதற்காகப் போராடினார் என்பதையும் காட்ட வேண்டும். அதற்குப் பொருத்தமான ஒருவரை இங்கே பார்ப்போம். இவர் அமெரிக்காவில் பிறந்து, அவுஸ்திரேலியத் தலைநகரைத் திட்டமிட்டு, இந்தியாவில் மறைந்த கட்டடக் கலைஞர்.

1. இளமையும் கல்வியும்

கிரிபின் 1876 இல் சிக்காகோ நகருக்கு அருகே மேவூட் என்னும் ஊரில் பிறந்தார். இலினோய் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 1899 இல் பட்டம் பெற்றார். 1901 முதல் சில ஆண்டுகள் புகழ்பெற்ற பிராங்க் லொயிட் ரைட்டிடம் பணியாற்றினார். 1911 இல் மரியன் மஹோனியை மணந்தார். மரியனும் கட்டடக் கலைஞரே. சித்திரம் வரைவதில் மிகவும் வல்லவர்.

2. பிறந்த மண்ணின் பணிகள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி பரந்த புல்வெளி நிலம். அந்நிலத்துக்கு ஏற்பத் தாழ்ந்து நீண்ட வீடுகளை அமைத்தவர்களுள் கிரிபினும் ஒருவர். அயோவா மாநிலத்தின் மேசன் நகரில், வீடுகளை ஓரமாக நிறுத்தி, நடுவே உள்ள நிலத்தை எல்லோருக்கும் பொதுவாக விட்டார். நிலத்தை வெட்டிச் சமப்படுத்துவதை விட, அதன் போக்கிலேயே கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. நமது தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டுவதை நினைத்துப் பாருங்கள். இக்கொள்கை உங்களுக்கு எளிதில் விளங்கும்.

3. கன்பரா

அவுஸ்திரேலியாவின் புதிய தலைநகருக்கான திட்டப் போட்டியில் 1912 இல் கிரிபின் முதற்பரிசு பெற்றார். மலைகளை இணைக்கும் நேர்கோடுகளும், நடுவே ஓர் ஏரியும் அத்திட்டத்தின் சிறப்புகள். அதற்கான அழகிய சித்திரங்களை வரைந்தவர் மரியன். பரிசோ கணவர் பெயருக்கே கிடைத்தது.

ஆனால் வேலை தொடங்கியதும் அதிகாரிகளுடன் முரண்பாடு ஏற்பட்டது. அவருக்குத் தேவையான தகவல்களைத் தராமல் தடை செய்தனர் என்பதை 1917 இல் விசாரணை ஆணைக்குழு வெளிப்படுத்தியது. எனினும் தொல்லைகள் தீரவில்லை. 1920 இன் இறுதியில் அவர் பதவியிலிருந்து விலகினார். பின்னர் சிட்னியின் காசில்கிராக் பகுதியில், பாறைகளையும் மரங்களையும் அழிக்காமல் ஒரு குடியிருப்பை உருவாக்கினார்.

4. லக்னோவில் இறுதிக் காலம்

1935 இல் லக்னோ பல்கலைக்கழக நூலகத்தை வடிவமைக்க இந்தியா வந்தார். அந்நாட்டின் வெயிலுக்கும் கலை மரபுக்கும் ஏற்றவாறு பல கட்டடங்களை வரைந்தார். மரியனும் வந்து துணை நின்றார். பித்தப்பைச் சத்திரசிகிச்சையின் பின் நோய் முற்றி, 1937 பெப்ரவரி 11 இல், 60 ஆவது வயதில் காலமானார். அவரது கல்லறைக்கு 1988 வரை பெயர்க் கல்லும் இருக்கவில்லை.

5. மதிப்பீடு

அவர் கனவு கண்ட ஏரி 1964 இல் திறக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கியது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். நீரைத் தேக்கும்போது நிலமும் மனிதர் வாழ்வும் மாறுகின்றன. ஆகவே திட்டமிடுபவர் நிலத்தை மதிக்க வேண்டும். கிரிபினின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவே. தாம் வரைந்த நகர் நிறைவு பெறுவதை அவர் காணவில்லை; ஆயினும் கொள்கையைக் கைவிடவில்லை.

நினைவிற் கொள்க

1912 – கன்பரா போட்டியில் வெற்றி
1920 – பதவி விலகல்
1935 – லக்னோ வருகை
1937 – மறைவு
1964 – ஏரி திறப்பு

பயிற்சி வினாக்கள்

1. கிரிபினின் கட்டடக் கொள்கையை ஓர் உதாரணத்துடன் விளக்குக.
2. கன்பரா திட்டத்தில் மரியனின் பங்கு யாது? அவருக்கு உரிய மதிப்புக் கிடைத்ததா? காரணம் தருக.
3. உங்கள் ஊரில் நிலத்தின் போக்கை மதித்து அமைந்த ஒன்றையும், மதியாது அமைந்த ஒன்றையும் ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுக.

குறிப்பு: மூன்றாம் வினாவுக்கு நீங்கள் கண்ணாற் கண்டதையே எழுதுங்கள். மனனம் செய்த வசனங்களை விட அதற்கே பெறுமதி அதிகம்.