கல்லும் காரையும் காத்த புகழ்: செஞ்சி தேசிங்கு

கதைப்பாடலிலும் தெருக்கூத்திலும் இன்றளவும் வாழ்பவர் ராஜா தேசிங்கு. இயற்பெயர் தேஜ் சிங். 1698இல் முகலாயர் செஞ்சியைக் கைப்பற்றிய பின்னர், அங்கே கோட்டைத் தலைவராக விளங்கிய சொரூப் சிங்கின் மைந்தர். 1714இல் தந்தை மறைந்த செய்தி கேட்டு, அவர் புந்தேல்கண்டிலிருந்து செஞ்சிக்கு வந்தார்.

பிறந்த நாடும் கருங்கல் நாடு. வந்து சேர்ந்த ஊரும் கருங்கல் ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளும் பாறைக் குவியல்களே. காலடியில் கல் கிடைக்கையில் தொலைவிலிருந்து பொருள் கொணர்வானேன்? மலையைப் பிளந்தே மதில் எழுப்பினர். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய வளைவுக் கூரை, மர உத்தரமின்றியே களஞ்சியத்தைத் தாங்கிற்று. தடித்த சுவர் கோடை வெம்மையைத் தடுத்தது. எளிய குடிமக்களோ மண்சுவர் எழுப்பிப் பனையோலையும் வைக்கோலும் வேய்ந்தனர். அரண்மனையாயினும் குடிசையாயினும் அந்நிலம் ஈந்ததே வீடாயிற்று.

அத்தகைய கோட்டையில் தேசிங்கு ஓராண்டும் ஆளவில்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் நிலுவைக் கப்பம் கேட்டார், தேசிங்கு இணங்கவில்லை. 1714 அக்டோபரில் மூண்ட போரில் அவ்விளைஞர் வீழ்ந்தார். மணக்கோலத்தைத் துறந்து களம் புகுந்த ஆருயிர்த் தோழர் மோவுத்துக்காரனும் உடன் மாண்டார் என்பது கதைப்பாடல் தரும் செய்தி. சமயம் கடந்த நட்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வென்ற நவாப் 1717-18இல் கோட்டையுள் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயிலும் அப்பள்ளிவாசலும் இன்றும் அக்கோட்டையுள் நிற்கின்றன. வழிபாடு வேறு, அவற்றைத் தாங்கும் நிலம் ஒன்றே.

2025இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மராத்தியர் கோட்டைகளுள் தமிழகத்தின் செஞ்சியும் ஒன்று. இப்பெருமை நமக்கொரு கடமையையும் விதிக்கின்றது. பழஞ்சுவரைச் செப்பனிடுங்கால் சுண்ணாம்புக் காரையே தக்கது. சிமென்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை அரிக்கும். புதுவீடு கட்டுவோரும் தம் மண்ணையும் வெயிலையும் எண்ணிப் பார்த்தல் நன்று. தேசிங்கின் வீரத்தைப் பாட்டுக் காத்தது. அவர் வாழ்ந்த இடத்தைக் கல்லும் காரையும் காத்தன. இனி அவற்றைக் காப்பது நம் பொறுப்பாகும்.